தன் பிழையை அறிந்த விமானம்

காத்மாண்டு திரிபுவன் விமான நிலையத்தின் ஓடுபாதை கடல்மட்டத்துக்குமேல் சுமார் 4,390 அடி உயரத்தில், ஒரு பள்ளத்தாக்கின் தரையில் கிடக்கிறது. சுற்றிலும் மலைகள். வடக்கே அவை இமயத்தின் பனிச்சிகரங்கள்வரை உயர்ந்துகொண்டே போகின்றன. தெற்கே மகாபாரத மலைத்தொடர் குறுக்கே நிற்கிறது. தெற்கிலிருந்து வரும் விமானம் அந்தத் தொடரைத் தாண்டும்வரை உயரத்தை விட்டுக்கொடுக்க முடியாது. தாண்டியபின் ஓடுபாதைவரை மிஞ்சியிருக்கும் தூரமோ குறைவு. டெல்லியிலிருந்து ஏ320 ரக விமானங்களில் துணை விமானியாகப் பறக்கும் எனக்கு, இந்தத் தொழில் கற்றுத்தந்தவற்றுள் ஆழமான பாடம் இந்தப் பள்ளத்தாக்குக்குள் இறங்குவதுதான். பயணி இருக்கையிலிருந்து மட்டுமே விமானத்தை அறிந்தவர்களுக்கும் புரியும்படி அதைச் சொல்ல வேண்டும் என்று நெடுநாளாக ஆசை.

பெரும்பாலான பெரிய விமான நிலையங்களில் ஐ.எல்.எஸ். என்ற கருவி ஓடுபாதையின் நேர்க்கோட்டில் வானொலிக் கற்றையை அனுப்பும். விமானம் அதைப் பிடித்துக்கொண்டு ஏறத்தாழ மூன்று டிகிரி சரிவில் நேராக இறங்கும். காத்மாண்டின் தெற்கு மலைகள் அப்படியொரு நீண்ட, நேரான சரிவுக்கு இடம் தரவில்லை. பல பத்தாண்டுகளாக விமானிகள் வி.ஓ.ஆர்., டி.எம்.இ. என்ற தரைக் கருவிகளை நம்பி, ‘இத்தனை மைலில் இத்தனை அடி’ என்று படிப்படியாக இறங்கினார்கள். 1992 ஜூலை 31 அன்று தாய் ஏர்வேஸின் ஏ310 விமானம் காத்மாண்டுக்கு வடக்கே மலையில் மோதி 113 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 28 அன்று பாகிஸ்தான் இன்டர்நேஷனல் ஏர்லைன்ஸின் ஏ300 விமானம் தெற்கு மலைச்சரிவில் மோதி 167 பேர் இறந்தார்கள். அந்த இரண்டாவது விமானம் ஒவ்வொரு படியிலும் அடுத்த படிக்குரிய உயரத்துக்கு முன்கூட்டியே இறங்கியிருந்தது. இரண்டு விமானங்களும் மோதும் நொடிவரை பறக்கக்கூடிய நிலையில்தான் இருந்தன. தாங்கள் எங்கே, எந்த உயரத்தில் இருக்கிறோம் என்பதுதான் பிசகியது.

இந்தப் பிசகுக்கு ஒரு விடை உலகின் வேறொரு மூலையில் பிறந்தது. அலாஸ்காவின் தலைநகரான ஜூனோ, மலைகளுக்கு நடுவே ஓடும் காஸ்டினோ கால்வாயை ஒட்டிய ஊர். மேகம் கவிந்தால் அங்கே விமானங்கள் இறங்காமல் திரும்பிப் போவது வழக்கமாக இருந்தது. 1996இல் அலாஸ்கா ஏர்லைன்ஸ் தன் போயிங் 737 விமானங்களை, செயற்கைக்கோள் தரும் இடக்கணிப்பை வைத்து அந்தக் கால்வாயின் வளைவுகளினூடே இறக்கிக்காட்டியது. பிறகு நியூசிலாந்தின் குயின்ஸ்டவுன், திபெத்தின் லின்ஷி என்று மலை சூழ்ந்த ஓடுபாதைகளுக்கு அந்த முறை பரவியது. 2010களின் தொடக்கத்தில் காத்மாண்டுக்கும் வந்தது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு இதற்கு வைத்திருக்கும் பெயரைச் சுருக்கி நாங்கள் ஆர்.என்.பி. ஏ.ஆர். என்போம். ‘ஏ.ஆர்.’ என்பது தனி அங்கீகாரம் கட்டாயம் என்பதைக் குறிக்கிறது. விமான நிறுவனம், விமான ரகம், பயிற்சி பெற்ற விமானி ஆகிய மூன்றுக்கும் அங்கீகாரம் இருந்தால்தான் அந்தப் பாதையைத் தொடலாம். சாதாரண உரிமமும் பல்லாயிரம் மணி அனுபவமும் இதற்குப் போதாது.

எனக்குக் கற்றுத்தந்த பயிற்சி கேப்டன் மதுரைக்காரர். காக்பிட்டுக்குள் ஆங்கிலம் தவிர ஒரு சொல் பேசமாட்டார். பயிற்சி வகுப்பில் வெள்ளைப் பலகைக்கு முன் நின்றால் தமிழ்தான். முதல் வகுப்பில் ஏ320இன் கணினித் திரைப் படத்தைக் காட்டி ஒரு கேள்வி கேட்டார்.

“நாம எங்க இருக்கோம்னு இந்த விமானம் சொல்லுது. அது எவ்வளவு தப்பா இருக்கலாம்னு எங்க சொல்லுதும்மா?”

“புரோக்ரஸ் பக்கத்துல, சார்.”

“அந்த நம்பரை நீ எப்பப் பார்ப்ப?”

எனக்கு உடனே பதில் வரவில்லை. அந்த நம்பர் எப்போதும் திரையில் இருப்பது. சாதாரணப் பயணத்தில் கண் அதன்மேல் நிற்பதில்லை. “இனிமே அதைத்தான் முதல்ல பார்க்கப் போற” என்றார். பயிற்சி முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தின் விரிவுரைதான் என்று இப்போது தோன்றுகிறது.

அந்தப் பக்கத்தில் இரண்டு எண்கள் உண்டு. ஒன்று, இந்தப் பாதைக்குத் தேவையான துல்லியம். இன்னொன்று, தன் இடக்கணிப்பில் எவ்வளவு பிழை இருக்கலாம் என்று விமானமே கணித்துச் சொல்வது. தேவை 0.3 கடல் மைல் என்று வைத்துக்கொள்வோம். அது ஏறத்தாழ 556 மீட்டர். பறக்கும் நேரத்தில் 95 சதவீதமாவது விமானம் வரையப்பட்ட கோட்டிலிருந்து அந்த அளவுக்குள் நிற்க வேண்டும். பாதையை வடிவமைப்பவர்கள் கோட்டின் இருபுறமும் அதைப்போல் இரு மடங்கு, அதாவது சுமார் 1.1 கிலோமீட்டர், தடையில்லாமல் பார்த்துக்கொள்வார்கள். சில பாதைகளில் தேவை 0.1 கடல் மைல்வரை சுருங்கும். அப்போது ஒரு புறத்துக்கு 370 மீட்டர்தான். மற்ற வகைப் பாதைகளில் இந்த எல்லைக்கு வெளியே கூடுதலாக ஒரு காப்புப் பட்டை வைப்பார்கள். இங்கே அது கிடையாது. எல்லைக்கு அப்பால் மலை இருக்கலாம்.

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. இடத்தைக் கணிக்க நான்கு போதும். நான்கில் ஒன்று தவறான தகவல் தந்தால் கண்டுபிடிக்க வழியில்லை. ஐந்தாவது இருந்தால் ஏதோ ஒன்று பொய் சொல்கிறது என்று தெரியும். ஆறாவது இருந்தால் எது என்று கண்டுபிடித்து ஒதுக்கலாம். பள்ளத்தாக்கில் அடிவானத்தை ஒட்டிய செயற்கைக்கோள்களை மலைகள் மறைத்துவிடும். அதனால் நாம் போய்ச் சேரும் நேரத்தில் போதிய செயற்கைக்கோள்கள் தெரியுமா என்று புறப்படுமுன்பே கணித்துப் பார்க்கிறோம். இதைப் படித்த நாளில் எனக்குள் ஒரு மரியாதை பிறந்தது. ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்பதோடு நிற்காமல், ‘இவ்வளவு தூரம் பிசகியிருக்கலாம், அதற்குமேல் பிசகினால் உன்னிடம் சொல்வேன்’ என்றும் வாக்குக் கொடுக்கும் கருவி இது. மனிதர்களிடம்கூட அரிதாகக் கிடைக்கும் நேர்மை.

அந்த நேர்மைக்கும் ஓர் எல்லை உண்டு என்பதைக் கேப்டன் மெல்ல மெல்லக் காட்டினார். ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும், “சரி, அந்த நம்பருக்குள்ள எது இல்லை?” என்று கேட்பார். எங்கள் பாடத்திட்டமே அந்தக் கேள்விதான்.

முதலில் தெரியவந்தது உயரம். அந்த எண் பக்கவாட்டுப் பிழையை மட்டுமே சொல்கிறது. இடம் செயற்கைக்கோளிலிருந்து வந்தாலும், எங்கள் விமானத்தில் சரிவுப் பாதையைக் கணிப்பது பழைய காற்றழுத்த உயரமானிதான். கட்டுப்பாட்டுக் கோபுரம் தரும் காற்றழுத்த அளவை ஒரு ஹெக்டோபாஸ்கல் மாற்றி வைத்தால் உயரம் சுமார் 30 அடி பிசகும். பத்து மாற்றி வைத்தால் 300 அடி. அப்போதும் திரையில் விமானம் சரிவுக்கோட்டின்மேல் அழகாக அமர்ந்திருக்கும். பிழையின் அளவைச் சொல்லும் எண்ணும் அசையாது. ஆகவே வேறெங்கோ அளந்த காற்றழுத்தத்தை இங்கே பயன்படுத்தக் கூடாது. அந்த விமான நிலையத்தில் அப்போது அளந்ததுதான் வேண்டும். இறுதிச் சரிவு தொடங்குமுன் இருவர் உயரமானிகளையும் ஒப்பிட்டு, வேறுபாடு 100 அடிக்குள் இருக்கிறதா என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்கிறோம்.

வெப்பமும் அந்த எண்ணுக்குள் இல்லை. உயரமானி ஒரு சராசரி வெப்பநிலையை மனத்தில் வைத்துக் கணக்கிடுகிறது. குளிர்ந்த காற்று அடர்ந்து சுருங்குவதால், உயரமானி காட்டுவதைவிட விமானம் தாழ்வாக இருக்கும். வெயில் காலத்தில் நேர்மாறு: விமானம் காட்டுவதைவிட உயரமாக இருக்கும், சரிவு குறித்த கோணத்தைவிடச் செங்குத்தாகும், வேகத்தைக் குறைப்பது கடினமாகும். எனவே ஒவ்வொரு பாதையின் வரைபடத்திலும் இன்ன வெப்பநிலைக்குக் கீழே போனாலும் மேலே போனாலும் பறக்காதே என்று இரு எல்லைகள் அச்சிட்டிருக்கும். இறங்கும் பாதையின் வரைபடத்தில் வெப்பநிலைக்கு இவ்வளவு மதிப்பு இருப்பதை நான் இந்தப் பயிற்சியில்தான் உணர்ந்தேன்.

சிமுலேட்டரில் வளைவுகள் கைகூடின. சாதாரணத் திருப்பத்தில் ஒவ்வொரு விமானமும் தன் வேகத்துக்கும் காற்றுக்கும் ஏற்பத் தனி வளைவை வரையும். இங்கே வளைவின் ஆரம் முன்பே நிலையாக்கப்பட்டது. சிக்குக் கோலத்தில் கோடு எந்தப் புள்ளியை எவ்வளவு விலகிச் சுற்ற வேண்டும் என்பது போட்டு முடிக்குமுன்பே தீர்மானமாகியிருப்பது போல, விமானம் இங்கே வரையப்பட்ட வளைவின்மேல் போயாக வேண்டும். அதற்கான சாய்வைக் கணினி கொடுத்துக்கொண்டே இருக்கும். வேகம் 10 சதவீதம் கூடினால், அதே வளைவைப் பிடிக்க வேண்டிய பக்கவாட்டு இழுப்பு 21 சதவீதம் கூடுகிறது. காத்மாண்டின் உயரத்தில் காற்று மெல்லியது. மானி காட்டும் வேகத்தைவிட உண்மை வேகம் ஏழு முதல் பத்து சதவீதம் அதிகம். பின்னாலிருந்து காற்றும் தள்ளினால் தரைமீதான வேகம் இன்னும் ஏறும். சாய்வு அதன் உச்ச எல்லையைத் தொட்டுவிட்டால் விமானம் வளைவுக்கு வெளியே வழுக்கும். வரைபடத்தில் இருக்கும் வேக எல்லையின் பொருள் அதுதான். சக்கரங்களையும் சிறகு மடிப்புகளையும் சமவெளியில் இறக்குவதைவிட முன்பே இறக்கிவிட்டு, வேகத்தை அடக்கிக்கொண்டு வளைவுக்குள் நுழையக் கற்றேன். வளைவுக்குள் நுழைந்தபின் சரிசெய்ய நேரம் இராது.

தானியங்கி ஓட்டி விமானத்தை ஓட்டும்போது விமானிக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்பார்கள். இந்தப் பாதையில் எங்கள் வேலை சாட்சியாக இருப்பது. ஒருவர் பாதையையும் அதிலிருந்து விலகும் அளவையும் பார்க்கிறார். மற்றவர் உயரத்தையும் தூரத்தையும் வரைபடத்தோடு ஒப்பிட்டு அறிவிக்கிறார். பக்கவாட்டில் தேவையான துல்லிய அளவைத் தாண்டினால், உயரத்தில் 75 அடி பிசகினால், இரு ஜி.பி.எஸ். கருவிகளும் இடத்தைத் தவறவிட்டால், ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாத நிலையில் அந்த முயற்சியை அங்கேயே விட்டுவிட்டு மேலேற வேண்டும். விவாதம் கிடையாது. எல்லைகளை டெல்லியிலேயே பேசி முடித்துவிடுகிறோம். மலைக்கு நடுவே எண்ணிப் பார்த்து முடிவெடுப்பதற்கு எதையும் மிச்சம் வைப்பதில்லை.

மேலேறுவதும் தனிப் பாடம். மற்ற இடங்களில் கோ-அரவுண்ட் என்றால் உந்துவிசையைக் கூட்டி, மூக்கைத் தூக்கி, பெரும்பாலும் நேராக ஏறுவது. இங்கே நேர்முன்னால் மலை இருக்கலாம். ஏறும்போதும் வரைந்த பாதையிலேயே போக வேண்டும். உந்துவிசை நெம்புகோலை முன்னே தள்ளியதும் என் கண் முதலில் தேட வேண்டியது, விமானம் பாதையைப் பின்தொடரும் நிலையில் இருக்கிறதா என்று அறிவிக்கும் பச்சை எழுத்துகளை. சிமுலேட்டரில் கேப்டன் வளைவின் நடுவே ஒரு எஞ்சினை அணைப்பார். ஏறத் தொடங்கியதும் செயற்கைக்கோள் தொடர்பையும் துண்டிப்பார். அப்போது காப்பது விமானத்தின் வயிற்றுக்குள் இருக்கும் நிலைமக் கருவிகள். வெளியுலகின் உதவியில்லாமல், கடைசியாகத் தெரிந்த இடத்திலிருந்து ஒவ்வொரு அசைவையும் கூட்டிக்கொண்டே அவை வழி சொல்லும். நேரம் ஆக ஆக அவற்றின் பிழை வளரும். ஆனால் மலையைத் தாண்டி மேலேறும் சில நிமிடங்களுக்கு அவை போதுமானவை. தொடர்பு போனபின் புரோக்ரஸ் பக்கத்தின் எண் மெதுவாக ஏறுவதைப் பார்த்துக்கொண்டே ஏறுவது, அந்த எண்ணின் பொருளை எந்த வகுப்பையும்விட ஆழமாக எனக்குள் பதித்தது.

அந்த எண்ணுக்குள் இல்லாத மூன்றாவது பொருள் தரவுத்தளம். இதைக் கற்றுத்தர கேப்டன் ஒரு விபத்து அறிக்கையைக் கொண்டுவந்தார். 2015 மார்ச் 4 காலை, இஸ்தான்புல்லிலிருந்து வந்த துருக்கிய ஏர்லைன்ஸின் ஏ330 விமானம் காத்மாண்டில் இதே வகைப் பாதையில் இறங்கியது. மூடுபனி. முதல் முயற்சியை விட்டுவிட்டு மேலேறியவர்கள் இரண்டாம் முயற்சியில் இறங்கினார்கள். விமானத்தின் கணினியில் ஏற்றியிருந்த ஓடுபாதை முனையின் ஆயத்தொலைவுகள் உண்மையோடு பொருந்தவில்லை. விமானம் மிகத் துல்லியமாக ஒரு தவறான கோட்டில் வந்தது. ஓடுபாதையின் நடுக்கோட்டிலிருந்து சுமார் 26 மீட்டர் இடப்புறம். ஓடுபாதையின் அகலம் 45 மீட்டர். நடுவிலிருந்து விளிம்புக்கு 22.5 மீட்டர்தான். இடப்பக்கச் சக்கரங்கள் மண்ணில் இறங்கின. 224 பயணிகளும் விமானக் குழுவினரும் உயிர் தப்பினார்கள். அந்த ஒரே ஓடுபாதை நான்கு நாட்கள் மூடிக்கிடந்தது. ஓடுபாதை தெரியாத நிலையில் குறைந்தபட்ச உயரத்துக்குக் கீழே தொடர்ந்து இறங்கியதை அறிக்கை முக்கியக் காரணமாகச் சொல்கிறது.

“இதுல செயற்கைக்கோள் தப்பு பண்ணலை, கருவியும் தப்பு பண்ணலை. கோடு வேற இடத்துல இருந்துச்சு” என்றார் கேப்டன். தரவுத்தளம் 28 நாட்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. இந்த வகைப் பாதைகளுக்கு அந்தப் புதிய பதிப்பைத் தரையிலேயே சரிபார்த்தபின்தான் விமானத்தில் ஏற்றலாம். விமானிகள் அதில் ஒரு புள்ளியைக்கூட மாற்றக் கூடாது. பார்த்து ஒப்பிடும் உரிமை மட்டுமே உண்டு. நாங்கள் ஒவ்வொரு முறையும் கணினியில் இருக்கும் திசைகளையும் தூரங்களையும் உயரங்களையும் வரைபடத்தோடு ஒவ்வொன்றாகப் படித்து ஒப்பிடுகிறோம். அத்தனையும் சரியாக இருந்தாலும், குறைந்தபட்ச உயரத்தில் ஓடுபாதை கண்ணில் படாவிட்டால் மேலேறுகிறோம். அந்தக் கடைசி விதியின் மதிப்பு அந்த அறிக்கையை வாசித்தபின்தான் எனக்கு முழுதாக விளங்கியது. எந்த எண்ணுக்குள்ளும் அடங்காத பிழைகளுக்காகவே மனிதக் கண்ணை அங்கே கடைசிக் காவலாக நிறுத்தியிருக்கிறார்கள்.

தேர்வு முடிந்து பயணிகளோடு காத்மாண்டுக்குப் போகத் தொடங்கியபோது, பயிற்சியின் பலன் பரபரப்பு இல்லாமையாகத்தான் வெளிப்பட்டது. மழைக்கால மேகத்துக்குள் விமானம் வளைந்து இறங்கும். சன்னலுக்கு வெளியே வெறும் வெண்மை. திரையில் நிலப்பரப்பைக் காட்டும் படத்தில் மஞ்சளும் சிவப்புமாக மலைகள் இருபுறமும் நகரும். நடுவே ஒரு பச்சைக் கோடு, அதன்மேல் எங்கள் விமானம். பக்கத்து இருக்கையில் கேப்டன் தூரமும் உயரமும் சொல்வார், நான் ஒப்புக்கொள்வேன். மேகம் விலகும்போது ஓடுபாதை நேர் எதிரே இருக்கும். சில நாட்களில் மேகம் விலகாது. காத்திருக்கிறோம், அல்லது வேறு ஊருக்குத் திரும்புகிறோம். இரண்டு முடிவுகளையும் ஒரே நிதானத்தோடு எடுக்கப் பழகுவதுதான் இந்தக் கைத்தொழிலின் தேர்ச்சி என்று நம்புகிறேன்.

இப்போது இந்தப் பாடம் இன்னும் அவசியமாகிவிட்டது. கடந்த சில ஆண்டுகளில் அமிர்தசரஸ், ஜம்மு போன்ற எல்லைப் பகுதிகளில் ஜி.பி.எஸ். குறுக்கீடுகள் பதிவாகியிருக்கின்றன. சமிக்ஞையை அடைப்பது ஒரு வகை. அப்போது கருவி ‘எனக்குத் தெரியவில்லை’ என்று சொல்லிவிடும். போலிச் சமிக்ஞை அனுப்புவது இன்னொரு வகை. அது ஆபத்தானது. கருவி தவறான இடத்தை நம்பிக்கொண்டு, தன் பிழை மிகக் குறைவு என்றும் சொல்லக்கூடும். அந்த எண்ணுக்குள் இல்லாத நான்காவது பொருள் இது. எனவே பள்ளத்தாக்கை நெருங்குமுன் செயற்கைக்கோள் சொல்வதை நிலைமக் கருவிகளோடும், பழைய வி.ஓ.ஆர்., டி.எம்.இ. தரைக் கருவிகளோடும் ஒப்பிடுகிறோம். விமானத்தின் கடிகாரம் திடீரென்று தாவியிருக்கிறதா என்றும் பார்க்கிறோம். ஒன்று மற்றொன்றோடு முரண்பட்டால் பாதைக்குள் நுழைவதில்லை.

இந்த அங்கீகாரம் ஒருமுறை வாங்கி மாட்டிக்கொள்ளும் பதக்கம் போலில்லை. குறித்த இடைவெளிகளில் சிமுலேட்டருக்குத் திரும்ப வேண்டும். இறங்கி முடிக்கும் முயற்சியையும், பாதியில் விட்டு மேலேறும் முயற்சியையும் ஓட்டுபவராகவும் கண்காணிப்பவராகவும் செய்துகாட்ட வேண்டும். புதிதாகப் பயிற்சிக்கு வரும் துணை விமானிகள் சிலர் என்னிடம் குறிப்புகள் கேட்கிறார்கள். நான் தருவது ஒரு வெற்றுத்தாள்தான். திரையில் இருக்கும் பிழையின் எண்ணை மேலே எழுதச் சொல்கிறேன்; அதற்குள் அடங்காதவை எவை என்று கீழே அவர்களையே எழுதச் சொல்கிறேன். காற்றழுத்தம், வெப்பம், தரவுத்தளம், போலிச் சமிக்ஞை என்று பட்டியல் நீள்கிறது. நான் தொடங்கியபோது என் பட்டியலில் இல்லாதவற்றை இவர்கள் இன்று எழுதுகிறார்கள். இவர்களுக்குப் பின் வருபவர்கள் இன்னும் சிலவற்றைச் சேர்ப்பார்கள். பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் எதிரே, ‘இதை யார், எப்போது, எதை வைத்துச் சரிபார்க்கிறார்?’ என்று பதில் எழுத முடிந்த நாளில்தான் ஒருவர் அந்தப் பள்ளத்தாக்குக்குள் பயணிகளை அழைத்துப்போகத் தகுதி பெறுகிறார்.